புது ஊரில் இறங்கினால் எந்தக் கடைக்குள் நுழைவது? (அம்மாவும் எட்டு வயது மகளும் உடன்)

தொடர்வண்டி:
எல்லோருக்கும் வணக்கம். அடுத்த மாதம், இதுவரை போகாத ஒரு பெரிய நகரத்துக்கு நான்கு நாள் போகிறோம். நான், அம்மா, என் எட்டு வயது மகள். எந்த ஊர் என்று வேண்டுமென்றே சொல்லவில்லை. சொன்னால் பத்துக் கடைப் பெயர் வரும். அந்தப் பத்தும் என்னிடம் ஏற்கெனவே இருக்கிறது. எந்தப் பட்டியலைத் திறந்தாலும் அதே பெயர்கள், அதே போட்டோக்கள்.

எனக்குத் தெரிய வேண்டியது வேறு. யாரையும் தெரியாத ஊரில், பசியோடு ஒரு தெருமுனையில் நிற்கும்போது, இந்தக் கடைக்குள் போகலாம், அது வேண்டாம் என்று எதைப் பார்த்து முடிவு செய்கிறீர்கள்?

கேட்பதற்குக் காரணம் உண்டு. அம்மாவுக்குச் சர்க்கரை. மாத்திரை போட்டால் நேரத்துக்குச் சாப்பிட்டாக வேண்டும். மகளுக்கு வேர்க்கடலை ஒவ்வாமை. போன வருடப் பயணத்தில் எல்லாப் பட்டியலிலும் முதலில் வரும் ஒரு கடைக்குப் போனோம். ஒன்றேகால் மணி நேரம் வரிசை. அம்மாவுக்குக் கை நடுங்கி, வியர்த்து, கடை வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். பையில் இருந்த பிஸ்கட்தான் அன்றைக்குக் காப்பாற்றியது. உள்ளே போய் என்ன சாப்பிட்டோம் என்பதே நினைவில் இல்லை. அந்த மாதிரி இன்னொரு நாள் வரக்கூடாது.

பயணப்பை:
கூட்டம் இருக்கும் கடைக்குப் போங்கள். இருபது வருடமாக ஊர் ஊராக வேலை விஷயமாகச் சுற்றுகிறேன், இந்த ஒரு விதி என்னைக் கைவிட்டதில்லை. காலியாக இருக்கும் கடையில் ஏதோ ஒரு காரணம் இருக்கும்.

அடுப்படி:
பயணப்பை சொல்வது பாதி சரி. யார் கூட்டம் என்பதையும் பார்க்க வேண்டும். கழுத்தில் கேமராவோடு நிற்கும் ஐம்பது பேரும் நாளைக்கு அந்த ஊரில் இருக்க மாட்டார்கள். பக்கத்து அலுவலகத்து அடையாள அட்டையோடு உட்கார்ந்திருக்கும் பத்துப் பேர் நாளைக்கும் வருவார்கள். கடைக்காரர் பயப்படுவது அந்தப் பத்துப் பேருக்குத்தான். உப்பு கூடினால், பழையதைச் சூடாக்கிப் போட்டால், நாளைக்கு அவர்கள் எதிர்க்கடையில் இருப்பார்கள்.

இருபத்திரண்டு வருடம் ஹோட்டல் அடுப்படியில் நின்றவன் நான். உள்ளே இருந்து பார்த்ததைச் சொல்கிறேன். ஒரே சமையல்காரர், ஒரே பாத்திரம், ஒரே பொருள். அடுப்பிலிருந்து இறங்கிப் பத்து நிமிடத்தில் இலைக்கோ தட்டுக்கோ போனால் அது ஒரு சாப்பாடு. மூன்று மணி நேரம் கழித்துப் போனால் அது வேறு சாப்பாடு. சுவை மட்டும் இல்லை, உடம்புக்கும்தான். 5 டிகிரியிலிருந்து 60 டிகிரி செல்சியஸ் வரை கிருமி வளர வசதியான சூடு. சமைத்ததை வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. எங்களுக்குப் பயிற்சியில் முதல் நாள் சொல்லித்தந்தது இதைத்தான். நல்ல கடைகள் அதற்காகவே சிறிது சிறிதாகச் சமைக்கும். தீர்ந்துவிட்டது என்று உங்களிடம் தயங்காமல் சொல்லும். ஒரு கடையில் "அது தீர்ந்துபோச்சு" என்று சொன்னால் முகம் சுளிக்காதீர்கள். நல்ல அறிகுறி அது.

அதனால் கடை எது என்பதை விட, மணி எத்தனை என்பது முக்கியம் என்பேன். ஒவ்வொரு ஊருக்கும் ஒரு சாப்பாட்டு நேரம் இருக்கிறது. ஊர் எப்போது சாப்பிடுகிறதோ, அப்போது சாப்பிடுங்கள். பிற்பகல் நான்கு மணிக்கு, நேற்று நன்றாக இருந்த அதே கடைக்குப் போய், ஏன் இன்று இப்படி என்று வருத்தப்படுபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கடை அதேதான். சோறு வடித்து ஐந்து மணி நேரம் ஆகியிருக்கும்.

தொடர்வண்டி:
அடுப்படி ஐயா, இது எனக்குப் புதிய கோணம். ஆனால் ஊர் சாப்பிடும் நேரத்துக்குப் போனால் வரிசையில் நிற்க வேண்டுமே? அம்மாவால் அது முடியாதே.

அடுப்படி:
உச்சியில் போகாதீர்கள், ஏறும்போது போங்கள். கூட்டம் ஒரு மணிக்கு உச்சம் என்றால் பன்னிரண்டரைக்கு உட்கார்ந்துவிட வேண்டும். முதல் ஈடு அப்போதுதான் இறங்கியிருக்கும். சர்வர்களும் களைப்பில்லாமல் இருப்பார்கள், ஒரு கேள்வி கேட்டால் நின்று பதில் சொல்வார்கள். ஒவ்வாமை பற்றிக் கேட்க வேண்டிய உங்களுக்கு அது ரொம்ப முக்கியம்.

எண்கணக்கு:
அந்த உச்ச நேரத்தைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. கூகுள் மேப்பில் பல கடைகளின் பக்கத்தில், எந்த மணிக்கு எவ்வளவு கூட்டம் என்று சிறு தூண்களாக ஒரு படம் வரும். 2015இலிருந்து இருக்கிறது. இருப்பிடத்தைப் பகிர அனுமதித்தவர்களின் போன்களிலிருந்து, பெயர் இல்லாமல் திரட்டிய கணக்கு அது. அந்த நகரத்தில் ஒரே பகுதியில் நான்கைந்து கடைகளுக்கு இந்தப் படத்தைப் பார்த்தால் ஊரின் சாப்பாட்டு நேரம் பிடிபட்டுவிடும். கிளம்புவதற்கு முன்பே வீட்டிலிருந்து பார்த்துவிடலாம்.

ஸ்டார்களைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் 4.3க்கும் 4.5க்கும் நடுவே மலையும் மடுவும் போல வித்தியாசம் இருப்பதாக நினைக்கிறார்கள். 2011இல் ஹார்வர்டு வணிகப் பள்ளியின் மைக்கேல் லூக்கா ஒரு ஆய்வு வெளியிட்டார். கடைகளுக்கு மக்கள் ரிவ்யூ எழுதும் யெல்ப் தளம் அப்போது சராசரியை அரை ஸ்டாருக்கு முழுதாக்கிக் காட்டியது. 3.24 வாங்கிய கடைக்கு 3 ஸ்டார் தெரியும், 3.25 வாங்கிய கடைக்கு மூன்றரை தெரியும். இரண்டு கடைகளுக்கும் தரத்தில் ஒரு வித்தியாசமும் இருக்க வாய்ப்பில்லை. ஆனால் வருமானத்தில் வித்தியாசம் தெரிந்தது. சியாட்டில் நகரக் கடைகளின் கணக்கை வைத்து, ஒரு ஸ்டார் கூடினால் வருமானம் 5 முதல் 9 சதவீதம் வரை கூடுகிறது என்று கண்டார். ஊருக்கு ஊர் கிளை வைத்திருக்கும் பெரிய நிறுவனக் கடைகளுக்கு அந்த விளைவு இல்லை, அவற்றைப் பற்றி மக்களுக்கு ஏற்கெனவே தெரியும் என்பதால். நாம் எண்ணைப் பார்த்துத்தான் போகிறோம். அது கடைக்காரர்களுக்கும் தெரியும். அதனால்தான் பொய் ரிவ்யூக்கள் வருகின்றன.

2017இல் லண்டனில் ஊபா பட்லர் என்பவர், தன் வீட்டுத் தோட்டத்துக் கொட்டகையை உணவகம் என்று டிரிப்அட்வைசர் என்ற பயண ரிவ்யூ தளத்தில் பதிவு செய்தார். நண்பர்களை விட்டு ரிவ்யூ எழுதவைத்தார். ஷேவிங் நுரையையெல்லாம் வைத்துச் சாப்பாட்டுப் போட்டோ எடுத்துப் போட்டார். சில மாதங்களில் அந்த இல்லாத கடை லண்டனிலேயே முதலிடத்துக்கு வந்துவிட்டது.

அதற்காக ரிவ்யூக்களைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. நான் படிக்கும் முறை இது. சராசரியைப் பார்த்த உடனே மறந்துவிடுவேன். புதியவை முதலில் வருமாறு வரிசைப்படுத்துவேன், ஏனென்றால் சமையல்காரர் மாறியிருப்பார், முதலாளி மாறியிருப்பார், மூன்று வருடத்துக்கு முந்தைய புகழ் அப்படியே மேலே உட்கார்ந்திருக்கும். ஐந்து ஸ்டாரையும் ஒரு ஸ்டாரையும் விட்டுவிட்டு மூன்று ஸ்டார் கொடுத்தவர்களைப் படிப்பேன். அவர்கள்தான் எது நன்றாக இருந்தது, எது இல்லை என்று இரண்டையும் எழுதுவார்கள். "அருமை, அற்புதம்" என்று மட்டும் எழுதியதில் எனக்குப் பயன் இல்லை. "குழந்தை நாற்காலி இல்லை, ஆனால் காரம் குறைத்துத் தந்தார்கள்" என்று ஒருவர் எழுதினால் அவர் உண்மையில் அங்கே உட்கார்ந்து சாப்பிட்டவர். போட்டோக்களிலும், கடை போட்டதை விட்டு, வாடிக்கையாளர் மங்கலாக எடுத்ததைப் பாருங்கள். பின்னால் மேசை, தரை, பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள், எல்லாம் அதில் தெரியும்.

நிழற்குடை:
எண்கணக்கு இவ்வளவு சொன்ன பிறகு நான் சொல்வது சின்ன விஷயம்தான், ஆனால் எனக்கு இதுதான் அதிகம் பலித்திருக்கிறது: ஆளைக் கேளுங்கள். ஆனால் "இங்கே நல்ல சாப்பாடு எங்கே கிடைக்கும்?" என்று கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் வெளியூர்க்காரருக்குச் சொல்ல வேண்டிய பெயரைத்தான் சொல்வார்கள். மரியாதைக்கு, ஊர்ப் பெருமைக்கு, அந்தப் பட்டியல் கடையைச் சொல்வார்கள். "நீங்கள் நேற்று மதியம் எங்கே சாப்பிட்டீர்கள்?" என்று கேளுங்கள். ஒரு நிமிடம் யோசிப்பார்கள், சிரிப்பார்கள், அப்புறம் வரும் பெயர் எந்தப் பட்டியலிலும் இருக்காது.

யாரிடம் கேட்பது என்றால், ஒரே இடத்தில் நாள் முழுக்க வேலை பார்ப்பவர்கள். மருந்துக்கடை, புத்தகக் கடை, செல்போன் பழுது பார்ப்பவர். அவர்கள் தினமும் அந்தத் தெருவிலேயே மதியச் சாப்பாடு சாப்பிட வேண்டியவர்கள். ஓட்டுநர்களைக் கேட்கலாம், ஆனால் கொண்டுபோய் விட்டால் கடைக்காரர் ஓட்டுநருக்கு ஏதாவது தரும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது, அதனால் பெயரை மட்டும் வாங்கிக்கொண்டு நீங்களாகப் போங்கள்.

கடைசிப்பெஞ்ச்:
இந்த இழையில் பிரபலமான கடை என்றாலே தப்பு என்பது போலப் பேச்சு போகிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஐம்பது வருடம் ஒரு கடை பேர் வாங்கி நிற்கிறது என்றால் அதில் பலருடைய உழைப்பு இருக்கிறது. ஒரு ஊருக்குப் போய் அந்த ஊரே கொண்டாடும் கடையில் ஒரு வேளை சாப்பிடாமல் வருவது எனக்குக் குறையாகத்தான் இருக்கும்.

மிஷ்லின் கையேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். டயர் கம்பெனி 1900இல் கார் ஓட்டுபவர்களுக்காக வெளியிட ஆரம்பித்தது. 1926இல் நல்ல உணவகங்களுக்கு ஸ்டார் கொடுக்க ஆரம்பித்தார்கள், சில வருடங்களில் அது ஒன்று, இரண்டு, மூன்று என்று ஆனது. அந்த எண்களுக்குப் பயணத்தை வைத்தே பொருள் சொன்னார்கள். இரண்டு ஸ்டார் என்றால் வழியை மாற்றிக்கொண்டு போகலாம், மூன்று என்றால் அதற்காகவே ஒரு பயணம் போகலாம். எனக்கு இந்தப் பிரிவு பிடிக்கும். சில கடைகள் போகிற வழியில் சாப்பிட, சில கடைகள் தேடிப்போய்ச் சாப்பிட. நான்கு நாளில் பன்னிரண்டு வேளை. ஒரு வேளையைத் தேடிப்போகும் கடைக்கு ஒதுக்குங்கள், முன்பதிவு செய்துகொண்டு. மற்றப் பதினொன்றையும் வழியிலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

பயணப்பை:
சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பெரிய கோயில், கோட்டை, அருங்காட்சியகம், இவற்றின் வாசலுக்கு நேர் எதிரே இருக்கும் கடைகளை நான் தாண்டிப் போய்விடுவேன். இரண்டு தெரு உள்ளே போனால் போதும், எல்லாம் மாறிவிடும்.

எண்கணக்கு:
அதற்கு அடுப்படி முதலில் சொன்னதுதான் காரணம். திரும்பி வராத வாடிக்கையாளருக்கு நன்றாகச் சமைத்தாலும் சுமாராகச் சமைத்தாலும் கடைக்கு நாளைய வரவு ஒன்றுதான். வாடகையும் அங்கே அதிகம், அதை எங்கேயாவது ஈடுகட்ட வேண்டும். ஒரே மாதிரிக் கடைகள் ஒரே இடத்தில் நெருக்கியடித்து உட்காருவதற்கு 1929இலேயே ஹெரால்டு ஹோட்டலிங் என்ற பொருளாதார அறிஞர் விளக்கம் கொடுத்துவிட்டார். எதிராளிக்குப் பக்கத்தில் நகர்ந்தால் அவன் வாடிக்கையாளரில் சிலராவது கிடைப்பார்கள் என்று இருவரும் நடுவில் வந்து சேர்ந்துவிடுவார்கள். நமக்குப் பத்துக் கடை இருப்பது போலத் தெரியும், பத்தும் ஏறக்குறைய ஒரே கடை.

கடைசிப்பெஞ்ச்:
ரயில் நிலையப் பக்கம் மட்டும் இது பொருந்தாது. தினமும் வந்துபோகும் பயணிகள் அங்கே உண்டு. அதிகாலையிலும் நள்ளிரவிலும் சூடாகக் கிடைப்பது பல ஊர்களில் அங்கேதான்.

அடுப்படி:
உண்மை. அதிகாலை வண்டியில் இறங்கினால் நானும் அங்கேதான் சாப்பிடுவேன்.

தொடர்வண்டி கேட்ட கேள்விக்கு நேராக வருகிறேன். தெருமுனையில் நின்றுகொண்டு நான் என்ன பார்ப்பேன்? முதலில் மூக்கு. பலமுறை காய்ந்த எண்ணெய்க்கு ஒரு கசந்த வாடை உண்டு, வாசலிலேயே தெரிந்துவிடும். அது இருந்தால் உள்ளே எவ்வளவு அலங்காரம் இருந்தாலும் திரும்பிவிடுவேன். அடுத்து மெனு. நூற்றைம்பது வகை எழுதியிருக்கும் சின்னக் கடையில் அதில் முக்கால்வாசி முன்பே செய்து குளிர்பெட்டியில் கிடப்பதுதான், வேறு வழியே கிடையாது, அத்தனையையும் அன்றன்றைக்குச் செய்ய எந்த அடுப்படியாலும் முடியாது. பன்னிரண்டு வகை மட்டும் எழுதி, அதிலும் இரண்டை அடித்துவைத்திருக்கும் கடையில் எனக்கு நம்பிக்கை வரும். பிறகு எழுந்துபோனவர்களின் தட்டைப் பார்ப்பேன். எதை மிச்சம் வைத்திருக்கிறார்கள்? எல்லாத் தட்டிலும் ஒரே பதார்த்தம் ஒதுக்கப்பட்டிருந்தால் அதை வாங்க மாட்டேன். மேசை துடைக்கும் துணியையும் பார்ப்பேன், அது என்ன நிறத்தில் இருக்கிறதோ அதுதான் அந்தக் கடையின் அடுப்படி. கை கழுவும் இடத்தில் சோப்பு இருக்கிறதா என்றும் பார்ப்பேன். வாடிக்கையாளருக்கு வைக்காதவர் உள்ளே இருப்பவர்களுக்கு வைத்திருப்பாரா?

பஃபே இருந்தால் தட்டுகளிலிருந்து ஆவி வருகிறதா என்று பாருங்கள். அடியில் விளக்கு எரிந்தாலும் மேலே ஆறிப்போயிருக்கும்.

பயணப்பை:
சுகாதார மதிப்பெண் பற்றி யாரும் சொல்லவில்லையே. சில நாடுகளில் அதை வாசலிலேயே ஒட்டியிருப்பார்கள். இங்கிலாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் 0 முதல் 5 வரை, 5 என்றால் மிக நல்லது. வேல்ஸிலும் வட அயர்லாந்திலும் ஒட்டியே ஆக வேண்டும் என்பது சட்டம். இங்கிலாந்தில் கட்டாயம் இல்லை, அதனால் அங்கே ஒட்டாத கடையைக் கொஞ்சம் யோசித்துப் பார்ப்பேன், இணையத்தில் தேடினால் எண் கிடைத்துவிடும். நியூயார்க்கில் 2010இலிருந்து ஏ, பி, சி என்று எழுத்து. அங்கே குறைகளுக்குத்தான் புள்ளி, 13 வரை ஏ. டென்மார்க்கில் 2001இலிருந்து சிரிக்கும் முகம் ஒட்டுகிறார்கள். மொழி தெரியாதவருக்கும் அது புரியும். நீங்கள் போகிற ஊரில் இப்படி ஏதாவது இருக்கிறதா என்று கிளம்பும் முன் பார்த்துவையுங்கள்.

மருந்துப்பெட்டி:
தாமதமாக வருகிறேன், இரவுப் பணி. செவிலியராக இருக்கிறேன். தங்கச்சி, உங்கள் முதல் பதிவைப் படித்ததும் மனசு கேட்கவில்லை.

அம்மா விஷயம் முதலில். அன்றைக்கு வாசற்படியில் நடந்தது பெரும்பாலும் சர்க்கரை தாழ்ந்ததுதான். 70க்குக் கீழே போனால் தாழ்வு. உடனே 15 கிராம் குளுக்கோஸோ சர்க்கரையோ கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும், ஏறவில்லை என்றால் இன்னொரு முறை. பிஸ்கட் மெதுவாகத்தான் வேலை செய்யும், கையில் குளுக்கோஸ் வைத்துக்கொள்ளுங்கள். எல்லா மாத்திரையும் இப்படித் தாழ்த்தாது. இன்சுலினும் சல்போனைலூரியா வகை மாத்திரைகளும்தான் அதிகம் தாழ்த்தும். மெட்ஃபார்மின் மட்டும் என்றால் அபாயம் குறைவு. அம்மா போடுவது எது, பயண நாளில் எப்போது போடுவது என்று டாக்டரிடம் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். சாப்பாட்டுக்கு முன் போடும் மாத்திரையை அறையிலேயே போட்டுவிட்டுக் கடை தேடிக் கிளம்புவதுதான் நான் அதிகம் பார்க்கும் தப்பு. சாப்பாடு வருவது உறுதியான பிறகு போடலாமா என்று கேளுங்கள்.

மகள் விஷயம். போகிற ஊரின் மொழியில் ஒரு அட்டை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். "ஒவ்வாமை" என்று மட்டும் எழுதினால் போதாது. பிடிக்காது என்று நினைத்துக்கொண்டு மேலே தூவியதை எடுத்துவிட்டுத் தருவார்கள். "கொஞ்சம் பட்டாலும் உயிருக்கு ஆபத்து. வேர்க்கடலை, கடலை எண்ணெய், கடலை அரைத்த குழம்பு, கடலை தொட்ட கரண்டி, கடலை பொரித்த எண்ணெய் எதுவும் கூடாது" என்று எழுதுங்கள். வறுத்தாலோ பொரித்தாலோ கடலையின் புரதம் அழிந்துவிடாது. மொழி தெரிந்த ஒருவர் எழுதித் தந்தால் நல்லது. மொழிபெயர்ப்புச் செயலி கடலைக்கு வேறு பருப்பின் பெயரைப் போட்டுவிட வாய்ப்புண்டு, அதனால் கடலையின் படத்தையும் அட்டையில் ஒட்டுங்கள். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 2014 டிசம்பரிலிருந்து, கடலை உட்பட 14 ஒவ்வாமைப் பொருள்களைப் பற்றி உணவகங்களும் சொல்லியாக வேண்டும். எல்லா நாட்டிலும் அப்படி இல்லை.

கடுமையான ஒவ்வாமைக்கு உடனே போடும் எபிநெஃப்ரின் ஊசியை டாக்டர் எழுதித் தந்திருந்தால் இரண்டாக எடுத்துப்போங்கள், அறையில் வைக்காமல் கையிலேயே. ஒவ்வாமை மாத்திரை அதற்கு மாற்று ஆகாது. சர்வரிடம் கேட்டால் அவர் சிரித்துக்கொண்டே "இல்லை இல்லை" என்று உடனே சொன்னால் நம்பாதீர்கள். உள்ளே போய்க் கேட்டுவிட்டு வருபவரை நம்புங்கள்.

தொடர்வண்டி:
அக்கா, இதைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டேன். அம்மா போடுவதில் ஒன்று நீங்கள் சொன்ன அந்த வகைதான். நாளை டாக்டரைப் பார்க்கிறோம். போய்வந்து கட்டாயம் எழுதுகிறேன்.

தொடர்வண்டி:
ஐந்து வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். போய்வந்தோம். நடந்ததை எழுத வேண்டியது என் கடமை.

கிளம்பும் முன் எண்கணக்கு சொன்ன அந்தத் தூண்களைப் பார்த்தேன். நான் நினைத்ததைவிட அந்த ஊர் ஒரு மணி நேரம் முந்திச் சாப்பிடுகிற ஊர். இது மட்டும் தெரியாமல் போயிருந்தால் நான்கு நாளும் ஆறிப்போனதைத்தான் சாப்பிட்டிருப்போம். உச்சத்துக்கு அரை மணி முன்னால் போவது என்று வைத்துக்கொண்டோம். ஒரு இடத்திலும் வரிசையில் நிற்கவில்லை. அம்மாவுக்கு மாத்திரை நேரத்தை டாக்டர் மாற்றிக் கொடுத்தார். சர்க்கரை ஒரு முறைகூடத் தாழவில்லை.

முதல் நாள் மதியம், தங்கிய இடத்துக்குக் கீழே இருந்த கண்ணாடிக் கடைக்காரரிடம் நிழற்குடை சொன்ன கேள்வியைக் கேட்டேன். அவர் சொன்னது பெயர்ப்பலகையே இல்லாத இடம், ஒரு சந்துக்குள். ஏழு மேசை. சுவரில் சாக்பீஸால் ஒன்பது வகை எழுதியிருந்தார்கள். அட்டையைக் காட்டினேன். பரிமாறிய பெண் அதை இரண்டு முறை படித்துவிட்டு உள்ளே எடுத்துப்போனார். சமையல்காரர் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்து, "இன்று மூன்று குழம்பில் இரண்டில் கடலை இருக்கிறது, ஒரே கரண்டியை மாற்றிப் போட்டிருப்போம், குழந்தைக்கு இங்கே எதுவும் கொடுக்காதீர்கள்" என்று சொல்லிவிட்டார். எனக்கு ஏமாற்றமாக இல்லை, நிம்மதியாக இருந்தது. அம்மாவும் நானும் அங்கே சாப்பிட்டோம். மகளுக்கு அறையிலிருந்து கொண்டுபோனது இருந்தது. கிளம்பும்போது அவர், "நாளைக்கு வருவீர்கள் என்றால் சொல்லுங்கள், முதல் ஈட்டுக்கு முன்னால், வேறு பாத்திரத்தில் செய்து தருகிறேன்" என்றார். மறுநாள் போனோம். கழுவிய புதுப் பாத்திரத்தை எங்களிடம் காட்டிவிட்டுத்தான் அடுப்பில் வைத்தார்.

இரண்டாம் நாள் இரவு கடைசிப்பெஞ்ச் சொன்னபடி ஒரு பெரிய கடை, முன்பதிவோடு. நன்றாக இருந்தது, அம்மா அந்த மண்டபத்தின் விளக்குகளைப் பற்றி இன்னும் பேசுகிறார். ஆனால் அட்டையைப் பார்க்காமலே "பிரச்சினை இல்லை" என்று சொன்னார் அங்கிருந்தவர். மருந்துப்பெட்டி அக்கா சொன்னது நினைவுக்கு வந்து, உள்ளே கேட்டுவிட்டு வரச் சொன்னேன். போய்வந்து, இனிப்பு மட்டும் வேண்டாம் என்றார். அந்த இனிப்பைத்தான் மகளுக்குக் கேட்டிருந்தோம்.

நான்காம் நாள் காலை அம்மாவுக்கு வயிறு சரியில்லை. முந்தைய இரவு ரயில் நிலையத்துப் பக்கம் சாப்பிட்டதுதான் காரணம் என்று நினைக்கிறேன். ஒரு நாளில் சரியாகிவிட்டது. அது ஒன்றுதான் குறை.

மருந்துப்பெட்டி:
அம்மா நலமாக இருப்பதில் சந்தோஷம். ஆனால் அந்தக் கடைசிக் கடைமேல் பழி போட்டுவிடாதீர்கள். எல்லோரும் கடைசியாகச் சாப்பிட்ட இடத்தைத்தான் சொல்வார்கள். சில நச்சுகள் அரை மணியிலிருந்து எட்டு மணி நேரத்துக்குள் வேலையைக் காட்டும். நோரோவைரஸ் 12 முதல் 48 மணி நேரம் எடுக்கும். கேம்பிலோபாக்டர் என்ற பாக்டீரியா என்றால் இரண்டு முதல் ஐந்து நாள். ஹெபடைடிஸ் ஏ மஞ்சள் காமாலைக்கு 15 முதல் 50 நாள் வரை ஆகும். அதனால் வந்தது முதல் நாள் ரயிலில் குடித்த தண்ணீராகவும் இருக்கலாம், ஐஸ் கட்டியாகவும் இருக்கலாம். உறையவைத்தால் கிருமி சாகாது.

அடுத்த பயணத்துக்கு ஓ.ஆர்.எஸ். பாக்கெட் நான்கு வாங்கிப் பையில் போடுங்கள். கிடைக்கவில்லை என்றால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஆறு மட்டமான தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. அம்மாவுக்குச் சர்க்கரை நோய் என்று அந்தச் சர்க்கரையைக் குறைத்துவிடாதீர்கள், குடல் உப்பை இழுத்துக்கொள்ள அது தேவை. கொடுக்கும்போது ரத்தச் சர்க்கரையைப் பார்த்துக்கொண்டே இருங்கள், டாக்டருக்கும் ஒரு போன் போடுங்கள்.

தொடர்வண்டி:
அப்படியா! அந்த ரயில் நிலையத்துக் கடையைப் பற்றி மேப்பில் ஒரு ஸ்டார் ரிவ்யூ எழுதி வைத்திருந்தேன், இன்னும் போடவில்லை. அழித்துவிட்டேன்.

பயணப்பை:
அந்தச் சந்துக் கடையைப் பற்றி எழுதினீர்களா?

தொடர்வண்டி:
எழுதினேன். சமையல்காரர் வெளியே வந்து சொன்னது, மறுநாள் தனிப் பாத்திரத்தில் செய்தது, எந்த மணிக்குப் போனால் இடம் கிடைக்கும், எல்லாவற்றையும். போட்டோவில் பாத்திரம் கொஞ்சம் மங்கலாக இருக்கிறது, மகள் எடுத்தது.